நாயோடு கனடா போகிறோம், வீடு கிடைக்குமா?

கேள்வி: திருச்சியில் வசிக்கிறோம். எங்கள் குடும்பத்துக்குக் கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்துவிட்டது. கணவர், நான், பதினொரு வயதில் மகன், ஆறு வயதில் மகள். கூடவே கருப்பன் என்ற நாட்டு நாய், 22 கிலோ; ஒரு பூனையும் உண்டு. டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் கணவரின் சித்தப்பா மகன் சொந்த வீட்டில் இருக்கிறார். பேஸ்மென்டில் ஓர் அறை தருகிறேன், சமையலறையைச் சேர்ந்து புழங்கிக்கொள்ளலாம், நாயை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள் என்கிறார். இணையத்தில் நான் பார்த்த வாடகை விளம்பரங்களில் பெரும்பாலானவை ‘செல்லப்பிராணிகள் கூடாது’ என்கின்றன. ஒருவர் மட்டும், ஆறு மாத வாடகையும் நாய்க்கென்று தனியாக 1,000 டாலரும் முன்கூட்டியே அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாக எழுதியிருக்கிறார். மாதம் 2,200 டாலருக்கு மேல் எங்களால் கொடுக்க முடியாது. இவருக்குப் பணம் அனுப்பலாமா? நாயைப் பற்றிச் சொல்லாமலே வேறு வீடு பிடிக்கலாமா? கருப்பன் இல்லாமல் விமானம் ஏறமாட்டேன் என்கிறாள் சின்னவள்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவருக்கு ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். விற்பனைக்கு வந்த ஏதோ ஒரு வீட்டின் படங்களை எடுத்துப் போட்டு, ‘நான் வெளியூரில் இருக்கிறேன், வீட்டைத் திறந்து காட்ட ஆள் இல்லை, பணம் வந்ததும் சாவி வரும்’ என்று எழுதுவது இங்கே நெடுநாளாக நடக்கும் மோசடி. நாய் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் மறுக்காமல் ஆயிரம் டாலர் கேட்டாரே, அதில்தான் அவருடைய சாமர்த்தியம். எல்லாரும் கதவைச் சாத்தும்போது ஒருவர் மட்டும் திறந்தால் யாருக்கும் மனம் இளகிவிடும்.

அவர் உண்மையான வீட்டுக்காரராகவே இருந்தாலும், கேட்ட இரண்டுமே டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் செல்லாது. இங்குள்ள குடியிருப்பு வாடகைச் சட்டம் (2006) வீட்டுக்காரர் வாங்கக்கூடிய வைப்புத்தொகையை ஒரே ஒரு மாத வாடகையோடு நிறுத்திவிடுகிறது. அந்தத் தொகையும் கடைசி மாத வாடகையாகக் கழியும். அதுவரை ஆண்டுதோறும் வட்டி தர வேண்டும். வீட்டுக்கு ஏற்படும் சேதத்துக்கு என்று தனி அட்வான்ஸ் கிடையாது. நாய்க்கென்று ஒரு வைப்புத்தொகையும் கிடையாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நமக்கு இது நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் சட்டம் அதுதான். புதிதாக வருபவர்களில் பலர் தாங்களாகவே ஆறு மாத வாடகையைக் கொட்டிக் கொடுக்க முன்வருகிறார்கள். நான் அதை ஊக்குவிப்பதில்லை. வேலை கிடைக்கும்வரை உங்கள் குடும்பத்தைக் காக்கப்போவது அந்தப் பணம்தான்.

இனி கருப்பன் விஷயம். ‘செல்லப்பிராணிகள் கூடாது’ என்ற வரியைப் படித்துப் படித்து, அவன்தான் தடை என்று முடிவுகட்டிவிட்டீர்கள். இங்கே வீட்டு முகவராகத் தொழில் செய்பவனாக எனக்குப் படுவது வேறு. ஒரு வீட்டுக்காரர் முன்னால் ஐந்தாறு விண்ணப்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விண்ணப்பத்தில் கனடிய வேலைக் கடிதம் இல்லை. கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) இல்லை. ‘இவர் ஒழுங்காக வாடகை தந்தார்’ என்று சொல்ல இங்கே முன்னாள் வீட்டுக்காரரும் இல்லை. இந்த மூன்றும்தான் அவரை உதறவைக்கின்றன. நாய் நான்காவது காரணம். ஆனால் வாய்விட்டுச் சொல்வதற்கு வசதியான காரணம் அது ஒன்றுதான். மற்றதைச் சொன்னால் சிக்கல் வரலாம்: கடன் வரலாறு இல்லாததையே ஒருவருக்கு எதிராகக் கொள்ளக் கூடாது என்பது ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வீடு மறுப்பதும் மனித உரிமைச் சட்டப்படி தவறு. நாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே பழியெல்லாம் நாய் தலையில் விழுகிறது.

அதனால் நாயை மறைப்பது எப்படி என்று யோசிக்கும் நேரத்தில் காகிதங்களைச் சரிசெய்யுங்கள். அதற்கு வருவதற்கு முன், சட்டம் எந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது, எந்த இடத்தில் நிற்பதில்லை என்று பார்த்துவிடுவோம்.

மேலே சொன்ன சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வாடகை ஒப்பந்தத்தில் ‘விலங்கு வளர்க்கக் கூடாது’ என்று எழுதியிருந்தால் அந்த வரி செல்லாது என்கிறது. 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பொது ஒப்பந்தப் படிவத்திலேயே இது அச்சாகியிருக்கிறது. குடிபுகுந்த பிறகு, ‘நாய் இருக்கிறது’ என்பதை மட்டும் காரணமாகக் காட்டி உங்களை யாரும் வெளியேற்ற முடியாது. நாய் ஓயாமல் குரைத்து அக்கம்பக்கத்தாரின் நிம்மதியைக் கெடுத்தது, அல்லது அதனால் ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது, அல்லது அந்த இனமே ஆபத்தானது என்று வாடகைத் தீர்ப்பாயத்தில் மெய்ப்பிக்க வேண்டும். ஒன்டாரியோவில் 2005 முதல் தடைசெய்யப்பட்டிருப்பவை பிட்புல் வகை நாய்கள். நாட்டு நாய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ‘என்ன இனம்?’ என்று கேட்பார்கள். ‘கலப்பினம்’ என்று மொட்டையாகச் சொன்னால் பிட்புல் கலப்போ என்ற சந்தேகம் எழும். ‘இந்திய நாட்டு நாய்’ என்று கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு. அதற்கு முன்னால், நாய் இருப்பதால் வீடு தரமாட்டேன் என்று மறுக்க வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கிறது. ‘கனடாவில் நாய் வளர்க்கத் தடை போட முடியாது’ என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு இடங்களில் 14-ஆம் பிரிவு கைகொடுக்காது. ஒன்று, கான்டோ. அடுக்குமாடியில் ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆளுக்குச் சொந்தமாக இருக்கும். கட்டடத்துக்கென்று ஒரு நிர்வாகக் குழுவும் விதிகளும் இருக்கும். நாயே கூடாது என்றோ, இத்தனை எடைக்கு மேல் கூடாது என்றோ அந்த விதி இருந்தால், வீட்டுக்காரர் சம்மதித்தாலும் பயனில்லை. எடை வரம்பு வைத்திருக்கும் கான்டோக்களில் 22 கிலோ பெரும்பாலும் தேறாது. கட்டட விதிகளை எழுத்தில் வாங்கிப் படிக்காமல் கான்டோவுக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம்.

மற்றொன்று உங்களை நேரடியாகத் தொடுகிறது. வீட்டுச் சொந்தக்காரரோ அவருடைய மனைவி, பிள்ளை, பெற்றோரோ அதே கட்டடத்தில் வசித்து, அவர்களோடு சமையலறையையோ குளியலறையையோ வாடகைக்கு இருப்பவர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தால், இந்தச் சட்டமே அங்கே பொருந்தாது. அதாவது, உங்கள் மைத்துனர் தருவதாகச் சொல்லும் அறையில் உங்களுக்கு வாடகைதாரர் என்ற தகுதியே இல்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு சமையலறையில் இரண்டு குடும்பம் ஒரு குளிர்காலம் முழுவதும் புழங்கினால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் நாயை வேண்டாம் என்பதற்கும் நியாயம் இருக்கிறது. இங்குள்ள வீடுகளில் உலையில் சூடாக்கிய காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் ஊதிவிடுவார்கள். தரையில் கம்பிவலை போட்ட சிறு திறப்புகள் இருக்கும். கீழே தாளித்தால் மேலே மணக்கும். கீழே நாய் உடம்பை உதறினால் அந்தப் பொடிமயிர் மேலே குழந்தையின் அறைவரை போகும். மேல்மாடியில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருந்தால் போதும், உறவு முறிந்துவிடும். நாய் உள்ள குடும்பம் எந்த வீட்டின் பேஸ்மென்டை வாடகைக்கு எடுத்தாலும் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது: வெப்பக் குழாய்கள் தனியா, பொதுவா? வாசல் தனியா? துணி துவைக்கும் இடம் யாருடையது?

அதனால் மைத்துனரிடம் அறை கேட்பதைவிட உத்தரவாதக் கையெழுத்தைக் கேளுங்கள் என்பேன். இங்கே நல்ல வேலையும் கடன் மதிப்பெண்ணும் உள்ள ஒருவர் உங்கள் ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் தந்தால், நான் மேலே சொன்ன மூன்று காரணங்களில் இரண்டு மறைந்துவிடும். இது சின்ன உதவி இல்லை. நீங்கள் வாடகை தராவிட்டால் அவர் தர வேண்டிவரும். எனவே கணவர் நேரில் பேசட்டும்; வங்கியில் எத்தனை மாத வாடகைக்கான பணம் இருக்கிறது என்பதையும் காட்டட்டும். அவர் தயங்கினால் வருத்தப்படாதீர்கள், வேறு வழி இருக்கிறது.

காகிதக் கட்டு என்று நான் சொல்வது இவற்றை: பி.ஆர். உறுதிச் சான்று, கனடிய வங்கியில் கணக்கு தொடங்கிய பிறகான இருப்புச் சான்று, வேலை கிடைத்திருந்தால் அதன் கடிதம், திருச்சியில் வாடகைக்கு இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரரின் கடிதம், குடும்பத்தைப் பற்றி அரைப்பக்க அறிமுகம். அதோடு கருப்பனுக்கென்று ஒரு பக்கம்: படம், வயது, எடை, கருத்தடை செய்யப்பட்டதா, தடுப்பூசி நாட்கள், வீட்டில் தனியாக எத்தனை மணி நேரம் இருப்பான், குரைப்பானா. கடைசி இரண்டுக்கும் உண்மையான பதில் எழுதுங்கள். மரச்சட்டத்தில் கட்டிய வீடுகளில் சத்தம் சுவரைத் தாண்டிப் போகும். வீட்டுக்காரரின் மனதில் இருக்கும் பயம் அதுதான். கருத்தடை செய்யவில்லை என்றால் புறப்படுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். டொரொன்டோவில் நாய்க்கும் பூனைக்கும் ஆண்டு உரிமம் எடுக்க வேண்டும். கருத்தடை செய்தவற்றுக்குக் கட்டணம் குறைவு.

மறைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். முகவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் விண்ணப்பப் படிவத்தில் செல்லப்பிராணி உண்டா என்ற கேள்வியே இருக்கிறது. அதில் பொய் எழுதிக் கையெழுத்திடுவது ஒரு குடித்தனத்தைத் தொடங்கும் முறை அல்ல. சட்டம் பிறகு உங்களைக் காப்பாற்றலாம், ஆனால் குழாய் ஒழுகும்போது ஓடிவர வேண்டியவரும் அதே வீட்டுக்காரர்தான். அதற்காக முதல் வரியிலேயே ‘எங்களிடம் நாய் இருக்கிறது’ என்று தொடங்கவும் வேண்டாம். முதலில் குடும்பம், வருமானம் அல்லது சேமிப்பு, குடிவரும் தேதி. அவர் பதில் போட்டதும், வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன், கருப்பனின் பக்கத்தை அனுப்புங்கள். ‘கூடாது’ என்று போட்டிருக்கும் விளம்பரங்களில்கூட இப்படிக் கேட்டால் இறங்கிவருபவர்கள் உண்டு. வீடு மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தால் இன்னும் சீக்கிரம் இறங்குவார்கள். இன்னொன்று: நாயை ‘உணர்வுத் துணை விலங்கு’ (மனநலத்துக்காக வைத்திருக்கும் விலங்கு) என்று காட்ட இணையத்தில் சான்றிதழ் விற்கிறார்கள். அதில் பணத்தைப் போடாதீர்கள்.

2,200 டாலருக்கு எங்கே தேடுவது? ஸ்கார்பரோவில் தனி வாசலோடு இரண்டு படுக்கையறை பேஸ்மென்ட் ஏறக்குறைய 1,800 முதல் 2,000 டாலருக்குக் கிடைக்கும். ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது அதை அல்ல. எக்லின்டன், லாரன்ஸ், கிங்ஸ்டன் சாலைப் பக்கங்களில் 1960-களிலும் 70-களிலும் வாடகைக்கென்றே கட்டிய பழைய அடுக்குமாடிகள் நிறைய உண்டு. மொத்தக் கட்டடமும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். கான்டோ விதி கிடையாது. நாய் வளர்ப்பவர்கள் ஏற்கெனவே பலர் இருப்பார்கள், உங்கள் நாய் அங்கே ஒரு செய்தியே அல்ல. இரண்டு படுக்கையறைக்கு 2,300 முதல் 2,700 வரை கேட்பார்கள். உங்கள் வரம்பை மீறுகிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். சூடும் தண்ணீரும் பெரும்பாலும் வாடகைக்குள் அடங்கும். பேஸ்மென்டில் மின்சாரம், எரிவாயு, இணையம் எல்லாவற்றிலும் பங்கு கேட்பார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள். அண்மைக்காலமாக வாடகை சற்று இறங்கியிருக்கிறது. ஒரு மாதம் இலவசம் என்று கூவி அழைக்கும் கட்டடங்களும் உண்டு.

பழைய கட்டடம் என்பதில் இன்னொரு லாபம், பலர் கவனிக்காதது. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவந்த வீடுகளுக்கு வாடகை உயர்வு வரம்பு இல்லை. அடுத்த ஆண்டு எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். அதற்கு முந்தைய வீடுகளுக்கு மாகாண அரசு ஆண்டுதோறும் வரம்பு வைக்கிறது: 2025-ல் 2.5 விழுக்காடு, 2026-ல் 2.1. பளபளவென்று புதிய கட்டடத்தில் இன்று 2,200-க்குக் கிடைத்து, அடுத்த ஆண்டு 2,500 ஆனால், பிள்ளைகளையும் நாயையும் இழுத்துக்கொண்டு மறுபடியும் தேடப் போகிறீர்களா? பழைய கட்டடம் என்றால் கரப்பானும் பழுதான லிஃப்டும் உண்டே என்பீர்கள். உண்மைதான். டொரொன்டோ மாநகராட்சி, ரென்ட்சேஃப் திட்டத்தின் கீழ் இத்தகைய கட்டடங்களைச் சோதித்து மதிப்பெண் வெளியிடுகிறது. முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டு நேரில் போங்கள். போனதும் லிஃப்டில் ஏறிப் பாருங்கள். பன்னிரண்டாவது மாடியிலிருந்து ஜனவரிக் காலையில் நாயை இறக்கப் போவது நீங்கள்தான்.

முகவர் வழியாகத் தேடினால், தரகு வீட்டுக்காரர் தருவதிலிருந்தே பங்கிடப்படும். வாடகைதாரரிடம் வாங்குவது இங்கே வழக்கமில்லை. (நானும் இந்தத் தொழில்தான், எனக்கும் இதில் ஆதாயம் உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.) ஆனால் பழைய அடுக்குமாடி நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் அலுவலகத்திலேயே நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன. அங்கே முகவர் தேவையில்லை.

எப்போது வருவது என்பதை வீட்டோடு சேர்த்து யோசியுங்கள். இங்கே வாடகைதாரர் காலி செய்ய 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதனால் ஏப்ரல் 1-ல் காலியாகும் வீடு பிப்ரவரியிலேயே விளம்பரத்துக்கு வந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை போட்டி அதிகம். குளிர்காலத்தில் வீடு தேடுபவர்கள் குறைவு, வீட்டுக்காரரும் பேச்சுக்கு மசிவார். ஆகவே கணவர் மட்டும் பிப்ரவரி தொடக்கத்தில் வந்து, மைத்துனர் தரும் அந்த அறையில் தங்கட்டும். தனியாளாக ஒன்றிரண்டு மாதம் என்றால் அது நல்ல ஏற்பாடு, நாய்ப் பேச்சும் எழாது. வங்கிக் கணக்கு, வேலை தேடல், வீடு தேடல் மூன்றையும் அவர் அங்கிருந்தே பார்க்கலாம். பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் நீங்களும் கருப்பனும் பூனையும் புறப்படுங்கள். பி.ஆர். விசாவின் கடைசித் தேதி இதற்குள் அடங்குகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மே வந்துவிட்டால் வெயிலைக் காரணம் காட்டி விலங்குகளை ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்கள் உண்டு.

பயணத்துக்கு ஒரு வார்த்தை. வெறிநோய் (ரேபிஸ்) அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது. அந்த நாடுகளிலிருந்து வணிக நோக்கில் நாய் கொண்டுவருவதைக் கனடா 2022 செப்டம்பர் 28 முதல் தடை செய்திருக்கிறது. தத்துக்கொடுக்கக் கொண்டுவருவதும் வணிகத்தில் சேரும். வீட்டு நாய்க்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அது உங்கள் வீட்டு நாய்தான் என்பதைக் காட்ட, உங்கள் பெயரில் உள்ள தடுப்பூசிப் பதிவுகளும் பழைய மருத்துவச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று ஆங்கிலத்தில், மருத்துவர் கையெழுத்தோடு, தடுப்பூசியின் பெயர், வரிசை எண், போட்ட நாள், எத்தனை காலம் செல்லும் என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகும் அனுமதிக்குச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள விலங்கு நோய்த்தடுப்பு மற்றும் சான்றளிப்பு அலுவலகத்தை முன்கூட்டியே அணுகுங்கள். அமெரிக்கா வழியாக மாறிச் செல்லும் டிக்கெட் வேண்டாம். 2024 ஆகஸ்ட் முதல் அங்கே நாய்களுக்கான விதிகள் கடுமையாகிவிட்டன.

பூனையைப் பற்றி நீங்கள் அரை வரிதான் எழுதியிருந்தீர்கள். இங்குள்ள வீட்டுக்காரர்களும் பூனைக்கு அவ்வளவுதான் யோசிப்பார்கள். அதற்கும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். மாடி வீடு அமைந்தால், பால்கனியில் வலை அடிப்பதற்கு முன் கட்டட அலுவலகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.